மட்டக்களப்புச் சாப்பாடு சாப்பிட ஒரு சொந்தக்காரர் வேணும்

கொரியா இரண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், வடக்கும் தெற்கும். மட்டக்களப்பில் வேறு இரண்டு கொரியா இருக்கு. ஒன்று நாடகத்தில் வாற கொரியா. அங்க பனி கொட்டும், ஒரே குடைக்குள்ள இரண்டு பேர் நடப்பாங்க, நடுச்சாமத்தில் கடை வாசலில் குந்தி ராமென் சாப்பிடுவாங்க. மற்றது வேலைக்குப் போற கொரியா. அங்க மொழிப் பரீட்சை, மருத்துவச் சோதனை, தொழிற்சாலை, மீன்பிடி வள்ளம். முதலாவது கொரியா எங்கட மச்சாள்மாரின் ஃபோனுக்குள்ள இருக்கு. இரண்டாவதில் அவங்கட அண்ணன்மார் வேலை செய்யிறாங்க. ஒரே வீட்டுக்குள்ள இரண்டும் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குறைவு. எங்கட வீட்டில் அவை சந்தித்த இடம் ஒரு சந்தை. அந்தச் சந்தையைப் பார்த்த பிறகு எங்கட ஊர்ச் சந்தை பற்றி எங்களுக்கு ஒரு கருத்து வந்திருக்கு. அதைத்தான் இங்க எழுதுகிறோம்.

யூடியூப்பில் தமிழ்க் குடும்பங்கள் கொரியா போற வீடியோக்கள் பார்த்திருப்பீங்க. ரொறன்ரோவில் இருந்தோ சென்னையில் இருந்தோ அம்மம்மா, சித்தி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் போய், சோல் நகரத்துச் சந்தையில் ஒரு பலகையில் வரிசையாக உட்கார்ந்து, பெயர் தெரியாத ஒன்றைக் கடித்துப் பார்த்து முகம் சுளிப்பாங்க. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நாங்களும் கொரியச் சந்தைக்குக் குடும்பமாகத்தான் போறோம். ஆனால் விசா இல்லாமல்.

எங்கட பெரியம்மாவின் மகன் ஈபிஎஸ் திட்டத்தில் போனவர். 2004இல் கொரியா அந்தத் திட்டத்தைத் தொடங்கிய ஆண்டிலேயே ஒப்பந்தம் செய்த முதல் நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதில் கிடைப்பது ஈ-9 விசா. மூன்று வருஷம், முதலாளி நீட்டித்தால் மொத்தம் 4 வருஷமும் 10 மாசமும். அந்த விசாவில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. மனைவியோ பிள்ளையோ யாரும் சேர்ந்து வாழ வர ஏலாது. ஆக, நாடகத்துக் கொரியாவில் எவ்வளவு குடும்பக் கதை இருந்தாலும், எங்கட ஆட்கள் போற கொரியாவில் குடும்பத்துக்குச் சட்டப்படி இடமில்லை.

அதனால் குடும்பம் வட்ஸ்அப்பில் போகுது. அண்ணாவுக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில், எங்களுக்குக் காலை ஒன்பதரை, அவருக்குப் பகல் ஒரு மணி. ஃபோனை டிவியில் கொழுவிவிட்டு அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, மாமா, சின்னதுகள் எல்லாரும் முன்னுக்குக் குந்துவோம். அண்ணா புசான் நகரத்தின் ஜகல்ச்சி மீன் சந்தையில் நடப்பார். நாங்கள் பார்ப்போம். விலை கேட்பது அம்மம்மாவின் வேலை. அதை ரூபாயில் பெருக்கிச் சொல்வது மாமாவின் வேலை. "இந்த விலைக்கு ஆர்ரா வாங்குவான்" என்று பெருமூச்சு விடுவது எல்லாருக்கும் பொது.

சின்ன மச்சாள் நாடகம் பார்த்துக் கொரிய மொழி படிச்சவள். அண்ணா பரீட்சைக்குப் படிச்சவர். அவளுக்குக் காதல் சொல்லத் தெரியும், அவருக்கு "மெஷினை நிப்பாட்டு" என்று சொல்லத் தெரியும். அவர் போன புதிதில் அதிகம் கேட்ட சொல் "பல்லி பல்லி" என்றார். கெதியா, கெதியா என்று அர்த்தம். அம்மம்மா அதைக் கேட்டுவிட்டு, "வேலை செய்யிற இடத்தில எப்பவும் பல்லி சொன்னா அது நல்ல சகுனமில்லை மனே" என்றா. அது பகிடியா, உண்மையிலேயே சொன்னதா என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. அப்பாவை அங்கயும் அப்பா என்றுதான் கூப்பிடுவாங்க, அம்மா கிட்டத்தட்ட ஒம்மா. இதை வச்சுத் தமிழும் கொரியமும் அக்கா தங்கச்சி என்று ஃபேஸ்புக்கில் சண்டை பிடிக்கிற ஆட்களை விடுவோம். எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறொரு சொல்.

சந்தையில் சாப்பாடு பரிமாறுகிற பெண்ணை அண்ணா "இமோ" என்று கூப்பிட்டார். இமோ என்றால் தாயின் சகோதரி. எங்கட பெரியம்மா, சின்னம்மா. கொரியாவில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற நடுவயதுப் பெண்களை வாடிக்கையாளர்கள் அப்படித்தான் அழைப்பது வழக்கம். முறை தெரியாத ஊரில் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடலாம், கூப்பிட்டால் சாப்பாடு வரும். இங்க டிவிக்கு முன்னுக்கு இருந்த பெரியம்மா, அண்ணாவின் சொந்த அம்மா, ஒன்றும் பேசவில்லை. தாய்வழிக் குடி பார்க்கிற, வீட்டைப் பெண்பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிற ஊர் எங்கட ஊர். தாயின் சகோதரி என்ற சொல்லுக்கு இங்க எவ்வளவு கனம் என்று சொல்லத் தேவையில்லை.

அண்ணா இருந்த பலகை ஒரு அடி அகலம் இருக்கும். முன்னுக்கு அடுப்பு, பின்னுக்குச் சனம் போற வழி. பக்கத்தில் யாரோ ஒரு கிழவர். மீன் வெட்டுற இடமும் சாப்பிடுற இடமும் பக்கத்துப் பக்கத்தில். அந்தச் சந்தையின் கட்டடத்துக்குள்ளயும் இதே ஒழுங்குதான். கீழ்மாடியில் உயிர்மீன் வாங்கி, மேல்மாடிக்குக் கொண்டுபோனால் சமைச்சுத் தருவாங்க. சோலில் இருக்கிற நொர்யாங்ஜின் மீன் சந்தையிலும் அப்படித்தான். மீனுக்கு ஒரு காசு, சமைக்கிறதுக்கு ஒரு காசு. அதே சோலில் 1905இல் தொடங்கிய குவாங்ஜாங் சந்தைக்கு இரண்டு தொழில், துணியும் சாப்பாடும். அங்க பாசிப்பயறை ஊறவச்சு அரைச்சு எண்ணெயில் தட்டிச் சுடுகிற பின்தேதொக்கைத்தான் ஆட்கள் தேடிப் போறாங்க. பாசிப்பயறு எங்களுக்குப் புதுசா? நெட்ஃப்ளிக்ஸ் 2019இல் ஆசியத் தெருச் சாப்பாடு பற்றிய தொடர் ஒன்றை வெளியிட்டபோது, சோல் பற்றிய பகுதியில் அந்தச் சந்தையில் கையால் வெட்டின நூடில்ஸ் விற்கிற ஒரு அம்மாவைத்தான் காட்டினாங்க. பெரிய சமையல்காரர் யாரையும் தேடிப் போகவில்லை.

இப்ப எங்கட கேள்வி. ஒரு சொந்தமும் இல்லாத ஊரில் அண்ணா அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சந்தையில் குந்திச் சாப்பிடுகிறார். மட்டக்களப்புக்கு வாற ஒருவர் அப்படிச் சாப்பிட முடியுமா?

போன வருஷம் கனடாவில் இருந்து சித்தப்பா குடும்பம் வந்தாங்க. எங்களோட சேர்த்துப் பதினாலு பேர், ஒரு வான். விடியக் காலமை மீன் ஏலம் பார்க்கக் கூட்டிப்போனோம். வாவியில் பிடிச்ச கொடுவா, மணலை, ஒட்டி, கெளிறு, உயிரோட துள்ளுற இறால், கால் கட்டின நண்டு. சித்தப்பாவின் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தாங்க, படம் எடுத்தாங்க. பிறகு தங்கச்சி ஆங்கிலத்தில் கேட்டாள், இதை இங்கயே எங்க சாப்பிடலாம் என்று. எங்களிட்டப் பதில் இல்லை. கண்ணுக்கு முன்னால் பெரிய நண்டெல்லாம் ஐஸ் போட்ட பெட்டிக்குள்ள ஏறி கொழும்புக்குப் போகுது. கொழும்பில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011இல் இருந்து நண்டுக்கென்றே ஒரு உணவகம் இருக்கு, பெயர் 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்'. நண்டுக்கு அங்க அமைச்சு, இங்க பெட்டி. சிங்கப்பூர்க்காரர் மிளகாய் நண்டுக்குத் தேடுவதும் இலங்கை நண்டைத்தான்.

அன்று பகல் எல்லாரும் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் பஃபே சாப்பிட்டோம். பாஸ்தா இருந்தது, சைனீஸ் ரைஸ் இருந்தது, ஒரு மூலையில் 'ஃபிஷ் கறி' என்று பெயர் எழுதி ஒன்று இருந்தது. இரவு வீட்டில் சின்னம்மா முருங்கை இலை போட்டு நண்டுக் குழம்பும், மணலை மீன் புளியாணமும், பிட்டும், கூனி இறால் போட்டு இடிச்ச சம்பலும் வச்சா. அந்தத் தங்கச்சி கை கழுவவே எழும்பவில்லை. அவளுக்கு இங்க சின்னம்மா இருக்கிறா, அதனால் கிடைச்சது. சின்னம்மா இல்லாத ஒருத்திக்கு? பாசிக்குடா பார்க்க வாற மாத்தறைப் பெண்ணுக்கு, யாழ்ப்பாணத்துப் பையனுக்கு, தெரிஞ்ச ஆட்கள் யாருமில்லாமல் முதுகில் பையோட வாற வெளிநாட்டுக்காரனுக்கு? கொத்து ரொட்டி கிடைக்கும், ஃபிரைட் ரைஸ் கிடைக்கும், பகல் சோத்துப் பார்சல் கிடைக்கும். கொத்து எங்கட பக்கத்தில் பிறந்தது என்று நாங்கள் பெருமை பேசுவோம், அதில் குறை இல்லை. நல்ல மீன்கறி வைக்கிற சின்னக் கடைகள் ஒன்றிரண்டு இருக்கு, அதுவும் தெரியும். காத்தான்குடிப் பக்கம் போனால் இனிப்புக்கும் இறைச்சிக்கும் குறைவில்லை. ஆனாலும் வாவியின் சாப்பாடு வீட்டுக்குள்ளதான் இருக்கு. மட்டக்களப்புச் சாப்பாடு சாப்பிட வேணுமென்றால் மட்டக்களப்பில் ஒரு சொந்தக்காரர் வேணும்.

இதை ஒரு பெருமையாகச் சொல்ற ஆட்களும் இருக்கிறாங்க. விருந்தோம்பல், வீட்டுக்கு வாங்க, கடையில சாப்பிடாதீங்க. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த விருந்தோம்பலை அடுப்படியில் நின்று செய்றது யார்? பதினாலு பேருக்கு நண்டு உடைச்ச சின்னம்மாவுக்கு அதற்குக் கிடைச்சது, "கை மணம் மாறவே இல்லை" என்ற ஒரு வசனம். புசானில் அந்த இமோவுக்குக் கிடைப்பது காசு. கைமணம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஜகல்ச்சி சந்தையின் பெயர்பெற்ற ஆட்கள் பெண்கள்தான். கொரியப் போர் 1950இல் தொடங்கி 1953இல் நின்றது. தலைநகரமும் வடக்கும் இடம்பெயர்ந்து புசானில் வந்து குவிந்தன. ஆண்களை இழந்த, வீடு இழந்த பெண்கள் துறைமுகத்து ஓரத்தில் சட்டியில் மீன் வச்சு விற்றாங்க. அந்தச் சந்தை வளர்ந்தது அவங்கட முதுகில். புசான் பேச்சுமொழியில் அந்தச் சந்தைக்கு ஒரு கூப்பிடு வசனம் இருக்கு, "ஒயிசோ, பொயிசோ, சாயிசோ". வாங்க, பாருங்க, வாங்கிட்டுப் போங்க. தலைநகரத்துச் சுத்தக் கொரியம் இல்லை, ஊர்ப் பேச்சு. அதைத்தான் ஊரின் அடையாளமாகப் பிடிச்சிருக்கிறாங்க. எங்கட 'மறுகா'வையும் 'மனே'யையும் கேட்டுச் சிரிக்கிற மற்ற ஊர்க்காரருக்கு இதைக் காட்ட ஆசை.

போரில் எல்லாம் இழந்த பெண்கள், கடல் ஓரம், மீன், கருவாடு. இதில் எது எங்களுக்குப் புதுசு? 1990, 2004 சுனாமி, 2006 கடைசியில் வாகரைச் சனம் நடந்து வந்தது. அதற்குப் பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தின பெண்கள் இப்பவும் சந்தை வாசலில், கட்டடத்துக்கு வெளியில், குடை ஒன்றுக்குக் கீழ சாக்கு விரிச்சு இருக்கிறாங்க. படுவான்கரையில் இருந்து கீரை, கத்தரிக்காய், தயிர்ச்சட்டி கொண்டுவந்து விற்கிறாங்க. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்களுக்குப் படகுப்பாதைக்குக் காத்திருக்கிற வேலை குறைஞ்சது. வாவியைக் கடக்கிறது இலேசாகிவிட்டது. கடந்து வந்து உட்காருகிற இடம்தான் இன்னும் நிலம்.

இந்த இடத்தில் ராமென் பற்றிச் சொல்லாமல் போக ஏலாது. ஊரில் பெரிய ஆட்களுக்கு இப்ப ஒரு கவலை. பிள்ளைகள் பிட்டை விட்டுவிட்டுக் கொரியா நூடில்ஸ் திங்குதுகள், வயிறு எரியுது, காசு போகுது, கலாசாரம் போகுது. சிவப்புப் பக்கெட், கறுப்புப் பக்கெட், ஹலால் முத்திரை போட்டதும் வருது. சம்யாங் நிறுவனத்தின் புல்டாக் நூடில்ஸ் 2012இல் வந்தது. 2024இல் டென்மார்க் அரசாங்கம் உறைப்புக் கூடிப்போச்சு என்று அதில் சிலதைக் கடையில் இருந்து திரும்ப எடுக்கச் சொன்னது. அந்தச் செய்தியைக் கேட்டு அம்மம்மா, "டென்மார்க்காரனுக்கு நம்மட சம்பலைக் குடுத்துப் பாருங்க" என்றா.

வயிறு எரிவது உண்மை. விலை கூட என்பதும் உண்மை. கலாசாரக் கவலையில் மட்டும் எங்களுக்கு உடன்பாடில்லை. மிளகாயே அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கப்பலேறி வந்த சாமான். போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினது 1628இல். அவங்கட கப்பல்கள் ஓடின காலத்துக்குப் பிறகுதான் எங்கட குழம்பும் சிவந்தது, கொரியாவின் கிம்ச்சியும் சிவந்தது. கோதுமை மாவும் அப்படித்தான். போருக்குப் பிறகு அமெரிக்க உதவிக் கோதுமை கொரியாவில் வந்து இறங்கியது. அரிசி தட்டுப்பாடு. மாச் சாப்பாட்டைச் சாப்பிடுங்க என்று அரசாங்கம் பிரசாரம் செய்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சோத்துப் பெட்டியைத் திறந்து அரிசியோட பார்லி கலந்திருக்கா என்று பார்த்த காலம் அது. 1963இல் சம்யாங் முதல் ராமென் பக்கெட்டை 10 வொன்னுக்கு விற்றது அந்தப் பசிக்குள்ளதான். இங்கயும் 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை ஓடத் தொடங்கியது. பாணும் மாப் பிட்டும் மா ரொட்டியும் 'எங்கட சாப்பாடு' ஆனது எப்படி என்று யாரும் இப்ப யோசிப்பதில்லை. ஆகவே மச்சாள் ராமென் அவிக்கட்டும். அதில் மேலால ஒரு முட்டையும் கொஞ்சம் கூனி இறாலும் போட்டால் நல்லாவே இருக்கும், செய்து பார்த்திருக்கிறோம்.

எங்கட வீட்டில் பெரிய அமைதியைக் கொண்டுவந்த சாப்பாடு ராமென் இல்லை, புதே ஜிகே. அண்ணாவின் கூட்டாளிகள் ஒரு ஞாயிறு அதைச் சாப்பிடப் போனாங்க. பெரிய தட்டைச் சட்டி மேசைக்கு நடுவில் கொதிக்குது. உள்ளுக்குக் கிம்ச்சி, டின் இறைச்சி, சொசேஜ், அவிச்ச போஞ்சி விதை, மேலால ஒரு நூடில்ஸ் கட்டி. என்ன இது, குப்பைத்தொட்டி மாதிரி எல்லாத்தையும் கொட்டி வச்சிருக்கு என்று மாமா கேட்டார். அண்ணா கதை சொன்னார். புதே என்றால் படைமுகாம். போருக்குப் பிறகு அமெரிக்க முகாம்களில் இருந்து வெளியில் வந்த டின் இறைச்சியையும் சொசேஜையும் எடுத்து, தங்கட கிம்ச்சியோட கொதிக்க வச்சுச் சனம் பசி தீர்த்தது. உய்ஜொங்பு என்ற ஊரில் இப்ப அதற்கென்றே ஒரு தெரு இருக்கு. ஆட்கள் பஸ் ஏறிப் போய்ச் சாப்பிடுறாங்க.

அம்மம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. பிறகு சொன்னா, "அப்ப அது நிவாரணச் சாப்பாடுதானே கா."

அதற்குப் பிறகு ஒரு அரை மணித்தியாலம் டிவியில் இருந்த கொரியாவை யாரும் பார்க்கவில்லை. பெரியம்மாவும் சின்னம்மாவும் அம்மாவும் முகாம் கதை சொன்னாங்க. நிவாரண மா, பருப்பு, சீனி, மீன் டின். மாவில் எத்தனை விதம் ரொட்டி சுடலாம் என்று பெண்கள் ஆளுக்காள் சொல்லிக்கொடுத்தது. மீன் டின்னைத் திறந்து தேங்காய்ப்பால் இல்லாமல் வெறும் மிளகாய்த்தூளும் புளியும் விட்டுக் குழம்பு வச்சது. பெரியம்மாவுக்கு இப்பவும் மீன் டின் மணம் பிடிக்காது, அன்றைக்குத்தான் ஏன் என்று தெரிஞ்சது. நாங்கள் சுனாமிக்குக் கொஞ்சம் முந்திப் பிறந்த ஆட்கள். இந்தக் கதையெல்லாம் எங்களுக்கு முன்னால் நடந்து, எங்களுக்குச் சொல்லப்படாமலே இருந்தது. வீட்டில் யாரும் மறைச்சு வச்சதாகவும் இல்லை. சொல்றதுக்கு ஒரு சட்டி தேவைப்பட்டிருக்கு, அவ்வளவுதான்.

போரைச் சமைச்சு விற்போம் என்று நாங்கள் சொல்லவில்லை. முகாம் ரொட்டி என்று பெயர்ப்பலகை போட்டு வெளிநாட்டு ஆட்களுக்குப் பரிமாறுவது நினைக்கவே கூசுது. ஆனால் கொரியர்கள் தங்கட பசியின் சாப்பாட்டை வெட்கத்தோட ஒளிக்கவில்லை என்பது உண்மை. சாப்பாடு வெளியில் இருந்தால் அதன் கதையும் வெளியில் வரும். எங்கட சாப்பாடு வீட்டுக்குள்ளயே இருக்கிறதால் கதையும் வீட்டுக்குள்ளயே இருக்கு.

அண்ணா மாதிரி ஆட்கள் வேலை செய்கிற கொரியாவும் முந்தி ஆட்களை அனுப்பின நாடுதான். 1963இல் இருந்து 1977 வரைக்கும் 18,000க்கு மேற்பட்ட கொரியர்கள் மேற்கு ஜேர்மனிக்குச் சுரங்கத் தொழிலாளராகவும் தாதியராகவும் போனாங்க. நிலத்துக்கு அடியில் நிலக்கரி வெட்டிக் காசு அனுப்பினாங்க. கொரியாவைப் பளபளப்பாக மட்டும் பார்க்கிற எங்கட வயசுக்காரருக்கு இது தெரிஞ்சிருக்க வேணும். போய் வாற காசில் அண்ணாமார் வீடு கட்டுவாங்க, ஆட்டோ வாங்குவாங்க. எங்கட அண்ணாவுக்கும் வீட்டுக் கூரை முடியுது. அவர் திரும்பி வந்தால் என்ன செய்வார் என்று கேட்டால், சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கடை என்கிறார். மாமா உடனே, "நீ கொரியா போய்ப் படிச்சது மீன் அவிக்கவா" என்றார். அதற்கு அண்ணா சிரிச்சார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, என்ன கேட்கிறோம்? பெரிய கட்டடம் கேட்கவில்லை. கட்டடம் என்றால் பயம்தான் வருது. நொர்யாங்ஜின் சந்தையை 2016இல் புதுக் கட்டடத்துக்கு மாற்றினாங்க. புதுக் கடை சின்னது, வாடகை கூட என்று பழைய வியாபாரிகள் பலர் போக மறுத்தாங்க. வருஷக்கணக்கில் இழுபறி, கடைசியில் பலவந்தமாக வெளியேற்றினாங்க. கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட சந்தையில் சாக்கு விரிக்கிற அம்மாவுக்கு இடமிருக்காது. உலகம் முழுக்க இதுதான் நடக்குது.

உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பினாலும் கெட்டுப்போகும். 2023 கடைசியில் குவாங்ஜாங் சந்தையில் ஒரு தட்டில் கொஞ்சமே கொஞ்சம் பொரியல் வச்சு 15,000 வொன் வாங்கின வீடியோ பரவி, ஊரே திட்டினது. பிறகு அளவும் விலையும் எழுதி வைக்கிறோம் என்று சந்தைக்காரர் சொல்ல வேண்டி வந்தது. எங்கட ஆட்கள் மட்டும் உத்தமர்கள் என்று யாரும் சத்தியம் பண்ண ஏலாது. சித்தப்பாவைக் கண்டவுடன் கச்சான் விலை ஏறினதை நாங்களே பார்த்தோம்.

நாங்கள் கேட்பது சின்னது. மீன் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிழலான ஒரு துண்டு இடம். தண்ணிக் குழாய் இரண்டு, கழிவு போக ஒரு ஒழுங்கான கான், பத்துப் பன்னிரண்டு பேர் குந்துகிற நீளப் பலகை. காலையில் ஆறு மணியில் இருந்து பதினொரு மணி மட்டும். வாங்கின மீனை அங்கயே வெட்டிக் குழம்பு வச்சுத் தர ஐந்தாறு பெண்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு அடுப்பு. மீனுக்கு வேற, சமைக்கிறதுக்கு வேற விலை, இரண்டும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகையில். ஹலால் அடுப்பு தனியாக ஒன்று, ஏனென்றால் எங்கட சந்தையில் விற்கிற ஆளும் வாங்குற ஆளும் தமிழரும் முஸ்லிம்களும்தான். வெள்ளிக்கிழமை மரக்கறிக்கு ஒரு அடுப்பு, இல்லையென்றால் அம்மா வரமாட்டா. வடக்கில் விவசாயத் திணைக்களம் நடத்துகிற 'அம்மாச்சி' உணவகங்களில் பெண்கள் கூட்டாகச் சமைச்சு விற்கிறாங்க, அங்க தோசைக்கும் கூழுக்கும் வரிசை நிற்குது. ஆகவே இது இந்த நாட்டில் நடக்காத காரியம் இல்லை.

டெண்டர் போட்டு முழுசையும் ஒரு பெரிய ஆளுக்குக் கொடுத்தால் மட்டும் வேண்டாம். அப்படிக் கொடுத்தால் அங்கயும் ஃபிரைட் ரைஸ்தான் வரும், சின்னம்மாமார் பின்னுக்கு வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருப்பாங்க.

வீட்டில் இதைச் சொன்னபோது சின்னம்மாவின் முதல் கேள்வி, "அங்க வந்து நான் சமைச்சா ஊர் என்ன சொல்லும்?" அது சின்னக் கேள்வி இல்லை. கடைத்தெருவில் அடுப்பு மூட்டுற பெண்ணை எங்கட ஊர் எப்படிப் பார்க்கும் என்று எங்களுக்கும் தெரியும், வெளிநாட்டு வீட்டில் வேலை செய்யப் போகலாம், சொந்த ஊர்ச் சந்தையில் இடியப்பம் விற்க ஏலாது என்கிற ஊர் இது. இரண்டாவது கேள்வியை அவ கொஞ்சம் யோசிச்சுவிட்டுக் கேட்டா.

"ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?"

மாமா கல்குலேட்டரை எடுத்தார்.